நான்கு முப்பத்தெட்டுக்கு உள்ளே போனவர்

எங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களுக்குப் போய்வந்த விவரங்களை நோட்டில் குறித்துவைப்பது என் பழக்கம். நாள், கிழமை, எந்த வாசல், உள்ளே நுழைந்த நேரம், வரிசை எண், வெயிலா மழையா, கோல் விழுந்த நிமிடங்கள். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தை மட்டும் நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் நேரங்கள் எல்லாம் சரியானவை. அதனால்தான் அதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆட்டங்களுக்கு நானும் என் நண்பரும் சேர்ந்தே போவோம். அவர் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தவர், ஏசி மெக்கானிக். பூர்வீகம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். நான் செம்பூரிலிருந்து வருவேன். தாதர் பாலத்தில் சந்தித்து, வெஸ்டர்ன் லைன் பிடித்து இறங்கினால், ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். கவுண்டரில் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட்டையும் நான்தான் வாங்குவேன். அவர் கையில் கொடுத்தால் கிரீஸ் படிந்துவிடும் என்பது எங்களுக்குள் ஒரு கேலி. வாசலில் இரண்டையும் சேர்த்து நீட்டுவேன். காவலாளி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து இன்னொரு ஆள் எங்கே என்பான். "பீச்சே ஆ ரஹா ஹை" என்பேன். பின்னால் வருகிறார். உண்மையாகவே அவர் எப்போதும் பின்னால்தான் வருவார். வேர்க்கடலைக்காரனிடமோ தாராவியிலிருந்து வந்த பையன்களிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டு, இரண்டு பொட்டலத்தோடு வந்து சேருவார்.

போன சீசனின் தொடக்கத்தில் கவுண்டரை மூடினார்கள். ஆட்டத்தன்று டிக்கெட் கிடையாது, முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் போனில் எடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு டிக்கெட்டிலும் வருபவரின் பெயர் இருக்கவேண்டும், ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் வரமுடியாது என்று அறிவித்தார்கள். நெரிசலைத் தவிர்க்க என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா இல்லையா என்பது சனிக்கிழமை ராத்திரி சேட் வாயைத் திறந்தால்தான் தெரியும். நாள் முழுக்க போனைக் கையில் வைத்திருப்பவர்கள் நாலு நாலாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எடுத்தவர்களில் பலர் வரவில்லை. போனில் பார்த்தால் ஒரு இடம்கூட மிச்சமில்லை என்று காட்டும். உள்ளே போய் உட்கார்ந்தால் பாதி மைதானம் வெறும் நாற்காலி. வெளியே சுவரை ஒட்டி, டிக்கெட் இல்லாத நூறு இருநூறு பேர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மூடின கவுண்டருக்கு எதிரே வரிசைகூட நின்றது. எதற்கு என்று அதில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். "பழக்கம்தான்" என்றார்.

என் நண்பருக்கும் ஞாயிறு எப்படிப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. யார் வீட்டு ஏசி எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு வேலை செய்தார். சீசன் முழுவதற்கும் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடமாக என் போனிலேயே எடுத்துவிடச் சொன்னார். அவர் போன் பட்டன் போன். நான் ஒவ்வொரு ஆட்டமாக அவர் பெயரை அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்ச் மாசக் கடைசியில நான் எங்க இருப்பேன்னு கர்த்தருக்கே தெரியாது அண்ணாச்சி. இவனுக்கு இப்பவே சொல்லணுமாம்."

"சொல்லிட்டா வந்துதான் ஆகணும்வே."

"வந்துட்டாப் போச்சு" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு மாடிப்படியில் ஏணியோடு ஏறிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு பத்து நாளில் அடுத்த ஆட்டம். முந்தின நாள் மாலை என் போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று என் பெயருக்கு. மற்றது அவர் பெயருக்கு: நாளை உங்களை எதிர்பார்க்கிறோம், உங்கள் இடம் தயாராக இருக்கிறது. ரத்து செய்யப் பார்த்தேன். சீசன் டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்று வந்தது. மறுநாள் தனியாகப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள் காலை மீண்டும் அவருக்கு ஒரு செய்தி: நேற்று உங்களைக் காணவில்லையே. அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே. அவர் பெயருக்கு வந்த செய்திகளையெல்லாம் அழிக்காமல் வைத்திருந்தேன். தேதி போட்ட எதையும் நான் அழிப்பதில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய மகள் போன் செய்தாள். கோபர்கைரனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"மாமா, அப்பா பேர்ல இன்னும் டிக்கெட் கெடக்காமே, அம்மா சொன்னாங்க."

"ஒண்ணுதாம்மா மிச்சம். வர்ற ஞாயிறு."

"நான் வரட்டுமா? அவரு எத்தன தடவ கூப்புட்டாரு தெரியுமா. டூட்டி, டூட்டின்னே சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவ அவரு எடத்துல உக்காந்து பாத்துட்டு வந்துருதேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

பெயர் அவருடையது என்பதைச் சொன்னேன். கூட்டத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கமாட்டார்கள், டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடு போட்ட சதுரத்தைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றாள். அது சரிதான், நானே கவனித்திருக்கிறேன். அந்தச் சதுரத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். விதியை மீறிய ஒரு காரியத்தை நான் திட்டமிட்டுச் செய்தது அநேகமாக அதுதான் முதல் முறை.

ஆட்டம் ஐந்து மணிக்கு. வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. நாலரைக்கு அவள் போன் வந்தது.

"மெகா பிளாக்கு மாமா, தண்டவாள வேலைன்னு பாதி ரயில நிறுத்திட்டாங்க. இப்பதான் குர்லாவே வந்துருக்கேன். நீங்க போய் உக்காருங்க, நான் வந்துருதேன். படம்தான் கையில இருக்குல்ல."

நான் வரிசையில் சேர்ந்தேன். வாசலில் ஒரு இளம்பெண் கருவியோடு நின்றிருந்தாள். போனைத் திறந்து என் சதுரத்தைக் காட்டினேன். ஒரு பீப். பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். என் திரையில் இரண்டு டிக்கெட் இருந்ததைக் கண்டு, அவள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தூஸ்ரா?" என்றாள், இரண்டாவது ஆள் எங்கே என்று. என் கட்டைவிரல் தானாகத் திரையைத் தள்ளியது. இரண்டாவது சதுரத்தை நீட்டினேன். இன்னொரு பீப். "பீச்சே ஆ ரஹா ஹை" என்று என் வாய் சொன்னது. அவள் தலையசைத்தாள். நான் உள்ளே நடந்து என் வரிசைக்குப் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து நுழைந்த நேரத்தை எழுதினேன்: நான்கு முப்பத்தெட்டு. என்ன செய்தேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தே காலுக்கு அவள் கூப்பிட்டாள். குரல் மெல்லியதாக இருந்தது.

"மாமா, உள்ள விட மாட்டேங்காங்க."

"அட்டை கேட்டாங்களா?"

"இல்ல. இந்த ஆளு ஏற்கெனவே உள்ள போயாச்சுன்னு சொல்லுதாங்க."

"யாரு?"

"அப்பா."

நான் அப்போது ஒரு காரியம் செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. இடப்பக்கம் திரும்பி அடுத்த நாற்காலியைப் பார்த்தேன். வெயில் பட்டு வெளிறிய நீல நாற்காலி. அதற்கு அப்பால் ஏழெட்டு நாற்காலிகளும் காலி. ஆனால் நான் பார்த்தது காலியா என்று அறிவதற்காக அல்ல.

"எத்தனை மணிக்குப் போனாருன்னு கேளு" என்றேன்.

"நாலு முப்பத்தெட்டாம்."

அப்போதுதான் என் கட்டைவிரலின் ஞாபகம் வந்தது.

வாசலுக்கு ஓடினேன். நடுவில் கம்பி வலை. அந்தப் பக்கம் அவள், தோளில் பை, அவருக்கு இருந்த அதே அகன்ற நெற்றி. சூப்பர்வைசர் ஒருவர் கையில் பெரிய போனோடு வந்தார். அதில் நண்பரின் பெயர், பச்சை அடையாளம், வாசல் எண், நேரம். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போனவர் வெளியே வந்து தன் அட்டையைக் காட்டட்டும், பிறகு மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னார்.

"அவர் இறந்துவிட்டார்" என்றேன்.

"எப்போது?"

"டிசம்பரில்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல், காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக நின்ற எங்கள் பக்கத்துப் படிகளைப் பார்த்தார். "இதில் இன்றைய நேரம் இருக்கிறதே" என்றார், குரலை இறக்கி. கழுத்திலிருந்த தாயத்தைச் சட்டைக்கு மேலாகத் தொட்டுக்கொண்டார்.

அவளை விடமுடியாது, எல்லா இடமும் விற்றாகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது படிகளின் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் வெளியே போகிறேன், என் இடத்தில் அவளை விடுங்கள் என்றேன். உள்ளே வருவதைத்தான் இது குறிக்கும், வெளியே போவதைக் குறிக்காது, வந்தவர் வந்தவர்தான் என்றார். நான் வெளியே போனால் திரும்ப வரமுடியாது, அவளும் வரமுடியாது.

"நீங்க இருங்க மாமா" என்றாள் வலைக்கு அப்பாலிருந்து. "உங்க நோட்டு கெட்டுப்போயிரும். அப்பா சொல்லிச் சிரிப்பாரு. மழ கொட்டுனாக்கூட கடைசி விசில் அடிக்காம அண்ணாச்சி எழும்ப மாட்டாருன்னு."

உண்மைதான். கடைசி விசிலுக்கு முன் நான் ஒரு ஆட்டத்திலும் எழுந்து போனதில்லை. சுழல் கதவைத் தள்ளி வெளியே போனேன். அது என் பின்னால் பூட்டிக்கொண்டது.

சுவரோரம் நின்றவர்களில் தாராவிப் பையன் ஒருவன், நண்பரோடு பேசிக்கொண்டு நிற்பவன், என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, ஊரே உள்ள போகணும்னு நிக்கி, நீங்க வெளிய வாரிய. பகல்லயே ஏத்திக்கிட்டியளா?" என் பக்கத்தில் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் விட்டான்.

நாங்கள் சுவரில் சாய்ந்து நின்றோம். உள்ளே சத்தம் எழுந்து அடங்கியது, மீண்டும் எழுந்தது. நான் இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்தவன். வெளியிலிருந்து கேட்டதில்லை.

"உள்ள எத்தன பேரு இருக்காங்க?" என்றாள்.

"பாதிகூட இல்லம்மா."

"பாதி சத்தம் மாதிரியா இருக்கு?"

இல்லை. முழு மைதானத்தின் சத்தமாக இருந்தது. கான்கிரீட்டில் மோதித் திரும்புவதால் அப்படி இருக்கலாம். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

என் போனை வாங்கிப் பார்த்தாள். இரண்டு டிக்கெட்டும் பச்சையாக இருந்தன. நானும் அவரும் உள்ளே, பக்கத்துப் பக்கத்து இடத்தில். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்ப மாறும் மாமா?" என்றாள். தெரியாது என்றேன். இதுவரை மாறவில்லை.

ஏழு மணிக்கு முன் ஆட்டம் முடிந்தது. வாசல்களை அகலத் திறந்தார்கள், ஆட்கள் வெளியே கொட்டினார்கள். யார் ஜெயித்தது என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டம் குறைந்ததும் வாசலில் கருவியும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. சூப்பர்வைசர் மட்டும் ஓரமாக நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் உள்ளே போனோம்.

புல் மேல் விளக்குகள் இன்னும் எரிந்தன. ஆட்கள் யாரும் இல்லை. எங்கள் வரிசைக்கு அவளைக் கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்பா எடம்?"

இடப்பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அவள் அதன் முன்னால் நின்றாள். கையால் அதன் முதுகைத் தொட்டாள். பிறகு அதைத் தாண்டிப் போய் அடுத்ததில் உட்கார்ந்தாள்.

"இதும்மா, இதுலதான் உட்காரணும்னு சொன்னே" என்றேன்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள்.

"ஆள் இருக்குல்ல மாமா" என்றாள்.

எதிர்ப்பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஓர் இடம் விட்டு.