ஸ்டெதஸ்கோப் கழற்றிய பல்பு

ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவில் அவரை எல்லோரும் ஸ்டெதஸ்கோப் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம்தான். "மூணாவது வால்வு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். முப்பது வருடம் இப்படி ஓடியது. தலைக்கனம் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். கம்ப்யூட்டர் வைத்து வண்டி பார்ப்பவர்களை "பட்டன் மெக்கானிக்" என்று கிண்டல் செய்வார்.

சமீப காலமாக வீட்டில் டிவியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மனைவி கேட்டால், "டிவி பழசாயிடுச்சு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பழசானது எது என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய அக்கா சலவைக்கடை நடத்துகிறாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு வந்து, துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கிற தொழில். அதற்கு இருப்பது ஒரே ஒரு பிக்கப் வண்டி, இருபது வயது தாண்டியது. அது தகுதிச் சோதனைக்குப் போக வேண்டிய மாதம் இது. தேறாவிட்டால் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது, பிழைப்பு படுத்துவிடும். இந்த நேரம் பார்த்துத்தான் மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது.

"காலையில ஸ்டார்ட் பண்ணா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுடா," என்றாள் அக்கா.

ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டார். தடதடப்பு கேட்டது. உஸ் கேட்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பழைய வண்டின்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும்."

அவள் போனதும், பட்டன் மெக்கானிக் ஒருவரிடம் ஏதோ சாக்குச் சொல்லி ஸ்கேனரை இரவல் வாங்கிச் செருகினார். எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது அது. காற்றை அளக்கிற சென்சார்தான் உளறுகிறது என்று முடிவுகட்டிப் புதுசு மாட்டினார். இரண்டாம் நாள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். மறுபடியும் எரிந்தது. எங்கேயோ ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. அந்த மாதிரி ஓட்டையைக் காதால்தான் கண்டுபிடிப்பார். இப்போது எத்தனை தடவை குனிந்தாலும் காது கையை விரித்தது. வேறு யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஸ்டெதஸ்கோப்புக்குக் காது போச்சாம் என்று தெருவே சிரிக்குமே!

சோதனைக்கு முந்தின நாள் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீட்டர் பலகையைக் கழற்றி, பின்பக்கமிருந்த அந்தச் சின்ன பல்பைத் திருகி எடுத்தார். பலகையைத் திரும்ப மாட்டி வண்டியைக் கிளப்பினார். விளக்கு எரியவில்லை. சொந்த அக்கா வீட்டிலேயே திருடின மாதிரி இருந்தது.

"சரியாயிடுச்சுக்கா."

"எனக்குத் தெரியும்டா. நீ கை வச்சு சரியாகாம போகுமா?"

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டுதான் சோதனை மையத்துக்குப் போனாள். ஆய்வாளர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை, சாவியை மட்டும் திருப்பினார். ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு எல்லாம் எரிந்தன. அணைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"எஞ்சின் விளக்கு எங்கம்மா?"

"அதான் சரி பண்ணியாச்சே சார்."

"சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியணும். இது எரியல. யாரோ பல்பைப் பிடுங்கியிருக்காங்க."

தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. நேற்று பதற்றத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அக்கா பொங்கிவிட்டாள். "யாரைப் பாத்து என்ன பேசறீங்க? என் தம்பி முப்பது வருஷமா வண்டி பாக்கறான். ஏமாத்தற வேலையெல்லாம் அவனுக்குத் தெரியாது. உங்க ஆளுங்கதான் எதையாவது தட்டிவிட்டிருப்பாங்க. சொல்லுடா, வாயத் திறந்து சொல்லு!"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆய்வாளர் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். ஆய்வாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தான்க்கா எடுத்தேன்."

ஆய்வாளரை நோக்கி நீட்டியிருந்த கையை அக்கா மெதுவாக இறக்கிக்கொண்டாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அத்தனை பேர் முன்னால் தனக்காகச் சண்டை போட்டவளைப் பொய்க்காரியாக்கியாயிற்று. ஆய்வாளர் "தேறவில்லை" என்று எழுதி, கோளாறைச் சரிசெய்து ஒரு வாரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்.

சோதனை மைய மைதானத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி, அக்கா முன்மூடியைத் திறந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. அவள் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாயின் அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கதான் உஸ்ஸுங்குது."

விரல் நுனியைக் காற்று உள்ளே இழுத்தது. நகக்கண் அளவு விரிசல். அழுத்தி மூடியதும் எஞ்சினின் உதறல் அடங்கியது. ஒரு துண்டு புதுக் குழாய் போட்டால் ஐந்து நிமிட வேலை.

"முதல் நாளே சொன்னேனேடா."

"எனக்குக் கேக்கலக்கா." குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "இப்பவும் கேக்கல."

"தெரியும். ரெண்டு வருஷமா உன்கிட்ட தொண்டை கிழியக் கத்தித்தானே பேசறேன். கோவத்துல கத்தறேன்னா நினைச்சே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா வண்டிய என்கிட்ட விட்டே?"

"உனக்குக் கேக்கலன்னா, நீ என்கிட்டயாவது சொல்லிடுவேன்னு நினைச்சேன்டா."

இதை மட்டும் அவள் கத்திச் சொல்லவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார். விரலை எடுக்கவில்லை, எடுத்தால் எஞ்சின் மறுபடியும் உதறும்.