சீல் கேட்டு வந்த அண்ணாச்சி

கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருந்தார் ஒரு அண்ணாச்சி. எப்போதும் வெள்ளைச் சட்டைதான். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். எண்பதுகளில், அவருக்குச் சரக்கு அனுப்பிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து, நான் வேலை பார்த்த துறைமுகத்துக்கே நேரடியாக விற்கத் தொடங்கின. அவருக்குச் சரக்கு நின்றுபோனது.

ஒருநாள், நான் பொறுப்பிலிருந்த துறைமுக உதிரிபாக ஸ்டோருக்கு வந்தார்.

"தம்பி, ஹவுரா பார்ட்டிக்கு ஒரு சீல் தாரேன்னு சொல்லிட்டேன். இங்க ஒண்ணு கிடைக்குமா?"

"வெளிய கொடுக்க முடியாது அண்ணாச்சி."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்" என்று தலைகுனிந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "நான் கேட்டதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். எனக்கும் கூசியது.

சரக்கு இல்லை என்று ஹவுராக்காரரிடம் சொல்லியிருக்கலாம். அதைவிட என்னிடம் வந்து கேட்பது அவருக்கு எப்படிச் சுலபமாக இருந்தது என்பதுதான் இன்றும் புரியவில்லை.