ஹேவாஹெட்ட டேலியாவின் ஊதா ஓரம்

காலை 6.40. கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட பஸ் புறப்பட்டபோது என் மடியில் பழுப்புத் தாளில் சுற்றிய சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கட் நூற்றெண்பது ரூபாய். தலாத்துஓயா தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர், "கல்யாணப் படமா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க. செத்துப்போன புள்ள ஒண்ணோட வருஷ நினைவுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தில் இருந்தது ஒரு பூ. ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரோஜா அக்காவின் மகள் நிஷாந்தி போன வருடம் காய்ச்சலில் இறந்தாள். பத்தொன்பது வயது. அவள் நட்டுவைத்த வெள்ளை டேலியாவைக் கிட்டத்தில் படம் எடுத்து நினைவு நாளுக்குத் தரும்படி அக்கா கேட்டிருந்தார். அந்த நாள் நாளை. இரண்டு வாரத்துக்கு முன் வந்து எடுத்துப் போனேன். வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து அடித்தது. லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து எடுத்தேன். அப்படி எடுத்தால் வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் இல்லாத ஊதாக் கோடு ஒன்று படிந்துவிடும். அது லென்ஸின் கோளாறு. கண்டி மஹய்யாவவில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் கணினியின் முன் உட்கார்ந்து, ஒரு பொட்டு ஊதா மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தேன். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

8.30. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் அக்கா தாளைப் பிரித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க தம்பி. ஆனா இது நம்ம பூ இல்லையே."

"இந்தச் செடிதான் அக்கா. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நம்ம பூவுக்கு ஓரத்துல ஊதா இருக்குமே. அந்த ஓரத்துக்காகத்தான் புள்ள கிழங்கு கேட்டு வாங்கிட்டு வந்து வச்சிச்சு."

செடியருகே போனேன். மற்றதெல்லாம் மழையில் அழுகி, ஒரே ஒரு பூ மிஞ்சியிருந்தது. இதழ் நுனிகளில் நூல் பருமனில் ஊதா. பூவைக் கண்ணால் பார்க்காமலே படம் எடுத்திருக்கிறேன். லென்ஸின் பொய்யோடு சேர்த்து, அந்தப் பிள்ளை தேடி வாங்கிய நிறத்தையும் துடைத்திருக்கிறேன். துடைக்காத பழைய படத்தாலும் பயனில்லை. அதில் காம்பு, மொட்டு எல்லாவற்றிலும் ஊதா வழிந்திருந்தது. எது நிசம் என்று பிரிக்க முடியாது.

9.15. மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பூவும் போனால் நாளைக்குப் படம் இல்லை. என் கறுப்புக் குடையை விரித்துப் பூவுக்குப் பின்னால் மண்ணில் சாய்த்தேன்; வானத்தின் வெளிச்சம் மறைந்தது. லென்ஸின் வாயைச் சுருக்கினேன். சுருக்கினால் பொய் ஊதா குறையும், ஆனால் படம் பதிய நேரம் பிடிக்கும். பூ லேசாக அசைந்தாலும் கெட்டது. அக்கா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக் காற்றுக்குக் குறுக்கே நின்றார்.

"மூச்சு விடலாமா தம்பி?"

"விடுங்க அக்கா."

பதினொரு தடவை எடுத்ததில் ஒன்று சரியாக வந்தது. திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். காம்பு பச்சை, மொட்டு பச்சை. இதழோரத்தில் மட்டும் ஊதா. அக்கா திரையைத் தொடாமல் அந்த ஓரத்தின் மேலாகவே விரலைக் கொண்டுபோனார். "இதுதாங்க," என்று சொல்லி அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

10.20. மாலைக்குள் புதிய படத்தோடு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். அக்கா உள்ளே கூப்பிட்டார். சுவரில் நிஷாந்தியின் படம், அடக்கத்தின்போது செய்தது.

"நம்ம புள்ள நல்ல கறுப்புங்க தம்பி. யாரோ வெளுப்பாக்கிட்டாங்க. ஒரு வருஷமா இந்த மூஞ்சியப் பார்த்துத்தான் வெளக்கு வைக்கிறேன். இதையும் உள்ளபடி ஆக்கித் தருவீங்களா?"

வரும் முகங்களையெல்லாம் கேட்காமலே வெளுப்பாக்கித் தருவது எங்கள் தொழில் வழக்கம். கிட்டப் போய்ப் பார்த்தேன். கீழ் மூலையில் எங்கள் ஸ்டூடியோவின் பெயர் இருந்தது. அங்கே அந்த வேலை செய்வது நான் ஒருவன்தான்.

"நான்தான் அக்கா அது," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. படத்தைக் கழற்றி என் கையில் தந்தார். "அப்ப அவ நெறம் உங்களுக்குத் தெரியுந்தானே."

கண்டி வரும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் வெளுப்பாக்குவதற்கு முன் இருந்த நிறம் எனக்கு ஞாபகம் வரவேயில்லை.