அப்பாவை அடக்கம் செய்த ஞாயிறு

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை காலையில், புட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்பதுபோலச் சாதாரணமாக, அப்பா தாம் சாகப்போவதை அறிவித்தார்.

“நான் உலகத்தை விட்டிட்டன்,” என்றார் அம்மாவிடம். “பழைய மனுசனுக்கு ஞாயிற்றுக்கிழமை கடலில அடக்கம். பாஸ்டர் சொல்லிப்போட்டார்.”

வாய்க்குப் போன புட்டு தட்டிலேயே விழுந்தது. உலகத்தை விட்டவர்கள் எங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெருமுனைச் சுவரில் ஒட்டும் மரண அறிவித்தல்களில்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன்.

அப்பா உள்துறைமுகப் பக்கம் படகு இஞ்சின் திருத்துகிறவர். கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் பாட்டு. சனிக்கிழமை பின்னேரம் சாராயம் உள்ளே போய்விட்டால் பைலாப் பாட்டாகக் கொட்டும். எனக்கு மாலுபாண் என்கிற மீன் பணிஸ் வாங்கி வருவார், என்னைத் தன் பாதங்களில் ஏற்றி நாலு சுற்று ஆட்டுவார். ஐந்தாவது சுற்றுக்குள் அம்மா என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே டிவி, சித்தியின் பொரியல், ராசாத்தி வாழ்க்கை. ஞாயிறு காலை சபைக்குப் போகும் நேரம் திரும்பி வந்தால், அந்த வெக்கையிலும் அம்மா நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். சபைக்கு அப்படித்தான் போகவேண்டுமாம். மற்றப் பெண்களுக்கு அந்தச் சட்டம் ஏன் இல்லை என்று நான் யோசித்ததில்லை.

அப்பா சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிறு மட்டும் என்ன நடந்ததோ, அம்மாவுக்குப் பின்னால் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர், நடுவில் முழங்காலில் விழுந்து ஓவென்று அழுதார். கர்த்தர் தன்னைக் கூப்பிட்டுவிட்டார் என்றார். போனிலா கூப்பிட்டார் என்று நான் சித்தியிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கினேன். திங்கட்கிழமை போத்தல்களைக் கிணற்றடியில் உடைத்தார். செவ்வாய் சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டார், சிகரட் பெட்டியையும் சேர்த்து. சாகப்போகிறவர்கள்தானே சாமான்களை இப்படி ஒதுக்குவார்கள்!

குசினிக்குள் போய் அம்மாவின் சீலையைப் பிடித்தேன். “அப்பா சாகப்போறாரோ?”

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “ஓம் பிள்ளை. அந்த மனுசன் செத்தாத்தான் எனக்கும் உனக்கும் நிம்மதி.”

அதோடு சிரித்தார் வேறு. பெற்ற தாயே இப்படிச் சொல்லுவாளா? அன்றிலிருந்து அம்மா தந்த பாலைக்கூட மணந்து பார்த்துத்தான் குடித்தேன்.

அப்பாவைக் காப்பாற்ற என்னைத் தவிர ஆளில்லை. சனிக்கிழமை, யாரும் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பாததால் கிடைத்த நேரத்தில், அவருடைய செருப்புச் சோடியை அரிசி வாளிக்குள் புதைத்தேன். செருப்பில்லாமல் எப்படிப் போவார்? மனிதர் ஞாயிறு காலை வெறுங்காலோடு போனார்.

கடல் அசையாமல் கிடந்தது. பாடிக்கொண்டு நின்ற சபையாருக்குப் பின்னால் ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு யாரோ போட்ட வாழைப்பழத்தோலைத் தின்றுகொண்டிருந்தன. அப்பா வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். பிறகு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அப்பாவை மல்லாக்கச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

“ஐயோ! எங்கட அப்பாவை விடுங்கோ!”

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பாஸ்டரின் வேட்டியைப் பிடித்துத் தொங்கினேன். அவர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் அப்பாவையும் பிடிக்கப் படாத பாடு பட்டார். ஞானஸ்நானப் பாட்டு அறுந்துபோய்ச் சனம் சிரித்தது. அம்மா சீலையோடு தண்ணீருக்குள் இறங்கி, நனைந்து ஒட்டிய சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே இழுத்துவிட்டு என்னைத் தூக்கினார்.

அந்த நேரத்தில்தான் அப்பா தண்ணீருக்கு மேலே வந்தார். உயிரோடு! நான் கத்திச் சிரித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். அதில் விரல் விரலாக நீலம் பாரித்த தடங்கள், சில பழுத்து மஞ்சளாகியும் இருந்தன. அப்பா அந்த இடத்தைத் தன் ஈரக் கையால் மூடிக்கொண்டு, இவ்வளவு பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

“கண்ணுக்குள்ள உப்புத்தண்ணி போயிட்டுது போல,” என்றேன் அம்மாவிடம்.

“ஓம்,” என்றார் அம்மா.

அதன்பிறகு பைலா இல்லை. பாதங்களில் ஏற்றி ஆட்டுவதும் இல்லை. சனிக்கிழமைகளில் அப்பா வெங்காயம் உரித்தார், எனக்கு வாய்ப்பாடு கேட்டார். சித்தி வீடும் டிவியும் போயே போய்விட்டன. எனக்குக் கர்த்தர்மேல் சரியான கோபம்.

சில மாதங்கள் கழித்து, அம்மா அந்த நீளக்கைச் சட்டையின் கைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். சபையில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“அம்மா, அந்தப் பழைய மனுசன் உண்மையாவே செத்திட்டாரோ?”

“ஓம் பிள்ளை. செத்திட்டார்.”

நான் விழுந்து புரண்டு அழுதேன். பாட்டுப் பாடுகிற, மாலுபாண் வாங்கி வருகிற அந்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் துணி நறுக்குகிறாரே என்று அம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஐந்தாவது சுற்றுக்கு முன்னால் அம்மா என்னை ஏன் வீட்டை விட்டு அனுப்பினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.