கை வேகம்

பிளஸ் டூவில் கணக்கில் தவறி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா அதுவரை திருமுல்லைவாயிலில் மற்றவர்களின் வயலில் வேலை செய்தவர். வயல்களை மனை போட்டு விற்ற பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை போட்டு நின்றார். அங்கே யாரிடமோ சொல்லி, பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பியில் காயில் சுற்றும் சின்ன கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஹால். இரண்டு வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றிலும் பெண்கள். முதல் நாள் சூப்பர்வைசர் என்னைக் கதவோரம் இருந்த முதல் மெஷின் அருகில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, "பாத்துக் கத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மெஷினில் இருந்தவள்தான் அங்கே மூத்தவள். எல்லோருக்கும் அக்கா. சாயங்காலம் வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை மட்டும் என் முழங்கையைத் தட்டி, நான் சாய்ந்திருந்த இடத்திலிருந்து தள்ளி உட்காரவைத்தாள். பெல்ட் ஓடும் பக்கம் அது.

அந்த ஹாலில் யாரும் யாருக்கும் வாயால் எதையும் சொல்லித் தந்ததில்லை. தாமிரக் கம்பியை எந்த விரல்களுக்கு நடுவே பிடிக்க வேண்டும், எவ்வளவு இழுத்தால் அறும், சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை எப்படிப் பாட்டாக மாற்ற வேண்டும், எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தே வந்தது. கம்பி ஓடி ஓடி எல்லோருக்கும் ஆள்காட்டி விரல் அறுபட்டுப் புண்ணாகியிருக்கும். ஒருநாள் ஒருத்தி பழைய சைக்கிள் ட்யூப்பை மோதிரம் போல வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாரத்துக்குள் எல்லோர் விரலிலும் ட்யூப் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் மாங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள், பிள்ளையுண்டாகியிருந்தாள். எனக்கும் ஒன்று வெட்டி வந்து தானே மாட்டிவிட்டாள். என் விரலுக்குக் கச்சிதமாக இருந்தது.

என் கை எப்படியோ வேகமான கையாக அமைந்துவிட்டது. தனி மெஷின் கொடுத்த கொஞ்ச நாளிலேயே என் ட்ரே மற்றவர்களுடையதைவிட முன்னால் நிறைந்தது. மற்ற எல்லோருடைய ட்ரேயும் மணி அடிக்கும்போது ஒரே அளவில்தான் இருக்கும். அவர்களால் அவ்வளவுதான் முடியும் என்று நினைத்தேன். பத்து வருஷமாகச் சுற்றுபவளும் போன வருஷம் வந்தவளும் எப்படி ஒரே அளவு சுற்றுகிறார்கள் என்று யோசிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சில காயில்கள் ஒரு ட்ரேயிலிருந்து அடுத்த ட்ரேக்குப் போய், அங்கிருந்து மாங்காட்டுக்காரியின் ட்ரேயில் போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ட்ரேயில் இடம் போதாமல் மாற்றி வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

சைகை காட்டாமல் இல்லை. நான் வேகமெடுத்தால் அக்கா இருமுவாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அடிக்கடி எழுப்புவாள். எதிர் மெஷினில் இருந்தவள் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். டிபென்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவள் ஒருநாள் என்னைப் பார்த்து, "உனக்கு கை வலிக்கவே வலிக்காதோ?" என்று கேட்டாள். இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் என் ட்ரேயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். புதுசா வந்த பொண்ணு இவ்ளோ சுத்துது, உங்களுக்கெல்லாம் என்ன கேடு என்று கேட்டார். மறு திங்கட்கிழமை டார்கெட்டை ஏற்றிவிட்டார்.

அதன் பிறகுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. எல்லோருக்கும் தங்கள் ட்ரேயை நிரப்பவே நேரம் போதவில்லை. தள்ளிவிட யாரிடமும் மிச்சமில்லை. மாங்காட்டுக்காரி குனிந்து கம்பியைப் பிடிக்க முடியாமல் வயிற்றைத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். அவள் ட்ரே நாள்தோறும் பாதியில் நின்றது. ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கோ, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வரிசையைக் கடந்து நேராக என் ஸ்டூலுக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"அத்த குடு" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று புரியாமல் பார்த்தேன். என் விரலைக் காட்டினாள். ட்யூப்பைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் யாரும் பேசவில்லை. அது பரவாயில்லை. என் கம்பியில் யாரோ நகத்தால் கீறி வைத்தார்கள். கம்பி மேல் பூசிய எனாமல் போன இடம் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்டிங் மேஜையில் போட்டால்தான் காயில் ஷார்ட் என்று தெரியும். நான் சுற்றியதில் பாதி ரிஜெக்ட் ஆனது. புதிதாக ட்யூப் வெட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போகும். சாப்பாட்டு வேளையில் பாத்ரூமுக்குப் போனேன். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். தட்டித் தட்டிக் கை சிவந்தது. மெஷின் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பெருக்குகிற அம்மா வந்து திறந்தாள். சூப்பர்வைசர் எனக்கு அரை நாள் லீவு எழுதிவிட்டார். இன்னொரு நாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தபோது ஈறில் சுருக்கென்று குத்தியது. துப்பிப் பார்த்தேன். ரத்தத்தோடு பொடிப்பொடியாக நறுக்கிய கம்பித் துணுக்குகள் வந்தன. அதை அவ்வளவு பொடியாக நறுக்க ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கென்று யாரும் கூடிப் பேசியதை நான் பார்த்ததில்லை. அக்கா உத்தரவு போட்டாள் என்றும் சொல்ல முடியாது. சைக்கிள் ட்யூப் எப்படி எல்லோர் விரலுக்கும் வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்தது. ஒருத்தி செய்ததைப் பார்த்து அடுத்தவள் அதைவிட நன்றாகச் செய்தாள்.

அப்பாவிடம் சொன்னேன். வேலையை விட்டுவிடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வாங்கிக் கொடுத்த வேலை, சிபாரிசு செய்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். பிறகு, "அவங்க எப்டி கீறாங்களோ அப்டியே நீயும் இருந்துக்க" என்றார்.

அப்படி இருக்கக் கற்றுக்கொண்டேன். வேகமாகச் சுற்றுவதைவிட அது கஷ்டம். கை நிற்கக் கூடாது, வேலையும் ஓடக் கூடாது. அக்காவின் கையையே பார்த்தபடி இருந்தேன். கம்பி உருளை மாற்றும்போது அவள் எப்படி ஒரு முறைக்கு இரண்டு முறை துடைக்கிறாள், கடைசிச் சுற்றுக்கு முன் எப்படிப் பின்னால் பிரித்து மறுபடி சுற்றுகிறாள், தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு எப்படி அவள் ஒரு கணமும் சும்மா இல்லாதது போலத் தெரிகிறது. பல வாரங்கள் ஆயின. என் ட்ரேயும் மற்ற ட்ரேக்களும் மெல்ல ஒரே அளவுக்கு வந்தன. பிறகு எல்லா ட்ரேக்களும் சேர்ந்து இறங்கின. சூப்பர்வைசர் கத்தினார், மெமோ கொடுப்பேன் என்றார், கடைசியில் அலுத்துப்போய்ப் பழைய அளவுக்கே விட்டுவிட்டார்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். கண் எரிய உட்கார்ந்திருந்தேன், பாதிகூட முடியவில்லை. மணி அடிக்கும் நேரத்தில் ட்ரேயைப் பார்த்தால் நிறைந்திருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் குவார்ட்டர்ஸ் பெண் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டு, "இங்ஙன வா, உக்காரு" என்றாள். தன் டப்பாவிலிருந்து மீன் துண்டு ஒன்றை என் சாதத்தில் வைத்தாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எவள் அந்தக் கம்பித் துணுக்குகளை நறுக்கினாளோ அவளும் அந்த வட்டத்தில்தான் இருந்தாள்.

மாங்காட்டுக்காரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பார்க்கப் போனோம். குழந்தை கை மாறிக் கை மாறி வந்தது. என் பக்கத்தில் இருந்தவளிடமிருந்து அவளே எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். பால் கொடுக்கும் நேரம் என்றாள்.

அடுத்த வருஷம் ஒரு புதுப் பெண் வந்தாள். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருபவள், கலகலவென்று பேசுவாள். அவள் கையும் வேகம். என்னுடையதைவிட வேகம் என்று பார்த்த உடனே தெரிந்தது. இரண்டாம் வாரமே அக்கா இருமத் தொடங்கினாள். தண்ணீர் எடுத்துவர அவளை அனுப்பினார்கள். உனக்கு கை வலிக்கவே வலிக்காதோ என்று அதே குரலில் குவார்ட்டர்ஸ் பெண் கேட்டாள். புதுப் பெண் சிரித்தாள்.

அன்று கை கழுவும் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"கொஞ்சம் மெதுவா பண்ணு. எல்லாரும் பண்ற அளவுக்குப் பண்ணா போதும். இல்லன்னா உன்ன இங்க இருக்க உட மாட்டாங்க" என்றேன்.

அவள் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள். சரிக்கா, நல்லவேளை சொன்னீங்க என்றாள்.

மத்தியானமே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள், முந்தானை நுனியைச் சுருட்டியபடி. வேகத்தைக் குறைக்கச் சொன்னாயா என்று கேட்டார். என்னை ஹாலுக்கு அழைத்துவந்து, அக்காவின் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தார். பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. இங்கே இவ்வளவுதான் சுற்ற வேண்டும் என்று உங்களுக்குள் ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று முதல் மெஷினிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா எழுந்து நின்றாள். "அப்டிலாம் ஒன்னும் இல்ல சார். முடிஞ்ச வரிக்கும் சுத்தினுதான் கீறோம். இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அப்டி சொல்லிச்சோ தெரில."

அடுத்தவளும் தெரியாது என்றாள். அதற்கடுத்தவளும். முகத்தில் ஆச்சரியம்கூட ஒரே மாதிரி இருந்தது. கடைசியாகக் குவார்ட்டர்ஸ் பெண். அவளும் தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். "வந்த புதுசுல நல்லா சுத்திட்டிருந்தா சார். இப்பம் சோம்பேறியாயிட்டா. மத்தவளையும் கெடுக்கா" என்றாள்.

அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே உள்ளே மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா வேலை செய்த கேட்டைக் கடந்துதான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்கவில்லை. அன்று மாத்திரமல்ல, அப்புறமும் கேட்கவில்லை. வீட்டில் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூந்தமல்லிப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. அவள்தான் முதலில் என்னைக் கண்டு, இத்தனை வருஷத்துச் சொந்தக்காரியைப் போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹால் இன்னும் இருக்கிறதாம். புது மெஷின் வரப்போகிறது என்று பேச்சாம்.

ஏன் அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவளுக்கு அது வருத்தமான கேள்வியாகத் தோன்றவில்லை. "நீ ஏன் வாயத் தொறந்த?" என்றாள். "அத்த யாராச்சும் வாயால சொல்வாங்களா? சொல்லாத வரிக்கும் அது ஒன்னுமே இல்ல. சொல்ட்டா கம்பெனிக்கு எதிரா பேசுனது ஆயிடும். ஒருத்திய உட்டுட்டு மத்தவங்க இருந்தோம்."

அந்தப் புதுப் பெண்ணுக்கு நடக்கப்போவதை நினைத்துத்தான் சொன்னேன் என்றேன்.

"அவளா? அவ இப்பவும் எங்களோடதான் கீறா. நல்ல பொண்ணு. மொதல்ல கொஞ்ச நாளு ரொம்ப ஆடிச்சு. ஒரு நாளு பின்னல் பெல்ட்டுல மாட்டிகிச்சு. கத்துனா. சுவிச்சு என் கிட்டத்தான் கீது." அக்கா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எந்திரிச்சு போய் நிறுத்தறதுக்கு கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு. மண்டைல இங்க இருந்து இங்க வரிக்கும் முடி வரல இன்னும். அதுக்கப்புறம் எல்லாரையும் மாதிரி ஆயிட்டா."

தன் நெற்றியிலிருந்து காதுக்கு மேல் வரை விரலால் கோடு போட்டுக் காட்டினாள். சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

பஸ் வந்தது. கூட்டத்தில் அவள் முந்தி ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். எனக்கும் அதே பஸ்தான். ஏறி உட்கார்ந்தேன். திருமுல்லைவாயில் வரும் வரை, தன் பெரிய பெண்ணுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறானாம். குடி இல்லையாம்.