பிடுங்கி நட்ட போஞ்சி

ஆளுக்கொரு பாத்தி போட்டு வீட்டில் போஞ்சி, அதாவது பீன்ஸ், விதைக்க வேண்டும் என்று விவசாய டீச்சர் சொன்னபோது, யாருடைய மண்ணில் என்று ஏழாம் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் உற்சாகமாகத் தலையாட்டினோம். டீச்சர் பண்டாரவளை டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வீடு என்றால் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும் என்று நம்பியவர். நாங்களோ லயத்துப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் இருப்பவர்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் முன்கதவைத் திறந்தால் சாக்கடை, பின்கதவைத் திறந்தால் தேயிலை.

டீச்சர் நன்றாகப் படிப்பிப்பார். பாத்தியை எப்படி உயர்த்துவது, விதையை எந்த ஆழத்தில் போடுவது என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்களைக் குனியவைத்துக் காட்டினார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: போஞ்சியைப் பிடுங்கி நடக்கூடாது, வேர் அசைந்தால் செடி பிழைக்காது. அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

பாத்தி கேட்டு நான் அழுத அழுகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்வெட்டியை எடுத்தார். லயத்துக்கு மேலே தேயிலை பட்டுப்போய் மொட்டையாகக் கிடந்த இடம் ஒன்று இருந்தது.

"அது தோட்டத்து மண்ணு. ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டுங்க" என்றார் அம்மா.

"புள்ள படிப்புக்குத்தானே. யாரு என்னா சொல்லப்போறா?"

வீட்டுக்குள் அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. போஞ்சி முளைத்தது, கம்பைப் பிடித்து ஏறியது, பூவும் வைத்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் டீச்சர் வீடு வீடாக வந்து பார்த்துப் புள்ளி போடுவதாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளை வந்தார். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். பாத்தியின் ஓரத்தில் நின்று, "யாரு வெட்டுனது?" என்றார்.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நாந்தாங்க ஐயா. புள்ளயோட பள்ளிக்கூட வேலைங்க."

"இன்னைக்கு பள்ளிக்கூடம்னு நீ வெட்டுவ. நாளைக்கு லயமே வெட்டும். காலைல தொரை இந்தப் பக்கம் வர்றாரு. பெரட்டுக்கு முன்னால எடம் சுத்தமா இருக்கணும். இல்லாட்டி பெரட்டுல ஒம்பேரு இருக்காது."

நான் குறுக்கே பாய்ந்தேன். "நாளைக்கு டீச்சர் வர்றாங்க ஐயா. அதுவரைக்கும் விடுங்க!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "புள்ளய உள்ள போகச் சொல்லு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "வேல போச்சுன்னா இந்தக் காம்பராவும் போச்சு. வாய மூடிக்கிட்டு இரு."

மறுநாள் வெளுக்கும்போதே அப்பா பாத்தியில் குந்தியிருந்தார். ஒவ்வொரு செடியாக அடிமண்ணோடு தோண்டி, பழைய உரப்பைகளில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பாத்திக்கு ஓடினேன்.

"புடுங்கி நட்டா செத்துப்போகும்ப்பா!"

"தெரியும்மா" என்றார். கை நிற்கவில்லை. பைகளைக் கதவோரம் வரிசையாக வைத்துவிட்டு, வெட்டிய இடத்தைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினார். பிறகு பெரட்டுக்கு ஓடினார்.

அன்று பள்ளியில் ஒரு பாடமும் காதில் ஏறவில்லை. வெயில் ஏற ஏற ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் டீச்சருக்கு முன்னால் ஓடிவந்து பார்த்தேன். இலைகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. குடத்தோடு தண்ணீரை ஊற்றினேன். ஒன்றும் நிமிரவில்லை. வேலை முடிந்து அப்பா வந்து சேரவும், டீச்சர் படியேறி வரவும் சரியாக இருந்தது.

"என்ன இது? புடுங்கி நடக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"டீச்சர், கணக்கப்பிள்ளை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நாந்தாங்க டீச்சர்" என்று அப்பா முந்திக்கொண்டார். "வெயில் பத்தலன்னு நெனச்சு பையில மாத்திட்டேன். நமக்கு இதெல்லாம் எங்கங்க தெரியும்?"

டீச்சரின் முகம் இளகியது. வேர் என்றால் என்ன, அது எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். பிறந்ததிலிருந்து மண்ணில் கிடக்கிற மனுஷன், துண்டைக் கையில் பிடித்தபடி, "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிப் புள்ளி போட்டுவிட்டு டீச்சர் பஸ்ஸுக்கு ஓடினார்.

"ஏன் பொய் சொன்னீங்க? ஒங்களுக்குத்தான் தெரியுமே!" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு" என்றார் அப்பா, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

டீச்சர் விளக்கியதை லயத்துப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில், "ஒங்கப்பாவுக்கு போஞ்சி நடவே தெரியாதாமே" என்று சிரித்தார்கள். மானம் போயிற்று. அப்பாவோடு பல நாள் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை.

உண்மை தெரிந்திருந்தால் டீச்சர் சும்மா இருந்திருக்க மாட்டார். நேரே ஆபீஸுக்குப் போய் எனக்காகச் சண்டை போட்டிருப்பார், அவ்வளவு நல்லவர். போட்டுவிட்டுப் பண்டாரவளை பஸ்ஸில் ஏறியிருப்பார். மறுநாள் காலை பெரட்டில் கணக்கப்பிள்ளையின் முன்னால் போய் நிற்க வேண்டியவர் அப்பா. இதில் ஒன்றும் அன்று என் புத்திக்கு எட்டவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், போஞ்சியைப் பிடுங்கி நடக்கூடாது என்பதுதான்.