கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவள்

அன்று காலை பத்து மணிக்கு ராஜமதியை நான் கூப்பிட்டது வேலைக்காகத்தான். நாங்கள் இருவரும் கவனித்துக்கொள்கிற மருத்துவப் பரிசோதனைக்கூடத்தின் சர்வரில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அவள் கணவர் ஜெயபால் எடுத்தார். "நானே சொல்லணும்னு இருந்தேம்மா. யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லலைன்னே தெரியல. விடிகாலையில தூக்கத்துலயே போயிட்டா" என்றார். நான் "சரிங்க" என்றேன். சரிங்களாம்! பெண்டாட்டி செத்துப்போனதை ஒரு மனுஷன் சொல்கிறார், நான் சரிங்க என்கிறேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அழுகை அப்போது வரவில்லை.

இதைப் படிக்கிற எங்கள் வாடிக்கையாளர்களே, உங்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கியும் வெளியே சொல்லாதவர்கள். உங்களுக்கு அவள் 'கம்ப்யூட்டர் மேடம்'. எனக்கு அவள் கல்லூரியில் பக்கத்து இருக்கை. இருவரும் கணினி படித்தோம், சென்னையில் வேறு வேறு கம்பெனிகளில் உழைத்துத் தேய்ந்தோம், அலுத்துப்போய் ஊர் திரும்பி இந்தச் சிறு தொழிலைச் சேர்ந்து தொடங்கினோம். உங்கள் விடுதிகளின் அறைப் பதிவுகளும் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளும் இருக்கிற சர்வர்கள் இப்போது சென்னையில் ஏதோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் கிடக்கின்றன. அவள் வேங்கிக்காலில் தன் வீட்டிலிருந்தும், நான் ரமணாசிரமம் பக்கத்தில் என் வாடகை அறையிலிருந்தும் இணையம் வழியே உள்ளே போய் அவற்றைக் கவனித்துக்கொண்டோம். ஒரே ஊரில் இருந்துகொண்டு நேரில் பார்ப்பதென்னவோ அபூர்வம்தான்.

செங்கம் சாலை விடுதிக்காரர் ஒருவருக்கு அவள் கொடுத்த திட்டை நான் கூடவே இருந்து கேட்டேன். அவர் தன் பாஸ்வேர்டாக மலையின் பெயரை வைத்திருந்தார். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

"இன்னாங்க இது பாஸ்வேர்டு?"

"மறக்காதுங்க மேடம். தினமும் சொல்ற பேரு."

"உங்களுக்கு மட்டுமா மறக்காது? கிரிவலம் வர்ற அத்தனை பேருக்கும் மறக்காது."

அவர் விடவில்லை. சாமி பெயரை எடுத்தால் வியாபாரத்துக்கு ஆகாது என்றார். அவளோ சமணக் குடும்பத்துப் பெண். வந்தவாசிப் பக்கம் அவர்கள் ஊரில் அவர்களுக்கென்று தனிக் கோயில் உண்டு. "உங்க சாமியை நான் எடுக்கச் சொல்லல. சாமியை வாசல்ல வைங்க, பூட்டுல வைக்காதீங்க" என்றாள். வெளியே வந்ததும் என் காதோடு, "இந்த ஊர்ல சாமி பேரைச் சொன்னா பாதி கதவு திறந்துக்கும்டி. அதான் எனக்கு பயம்" என்றாள். ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் சிலர் இன்னும் அதை மாற்றவில்லை. எனக்குத் தெரியும். இப்போதாவது மாற்றுங்கள்.

அவள் தப்பே செய்யாதவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்க காலத்தில் எங்கள் ஒரே சர்வர் அவள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. ஒரு தீபத்தன்று காலை அவள் என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, இங்கிருந்தே அதன் ஃபயர்வாலைத் திருத்தினாள். எங்கிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாம் என்று வாசல் காவலுக்கு எழுதிவைக்கிற விதிகள்தான் ஃபயர்வால். எல்லாரையும் தடுத்து எழுதியவள், தன்னை மட்டும் விடச் சொல்ல மறந்துவிட்டு அனுப்பிவிட்டாள். திரை அப்படியே உறைந்தது. அவ்வளவு பெரிய கெட்டிக்காரி தானே தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தீபத்துக்கு வந்தவர்கள் பதிவு செய்த அறையைக் கேட்டு விடுதி வாசல்களில் நிற்கிற நேரம் அது. ஜெயபாலுக்கு அரசாங்க உத்தியோகம், திருவிழாப் பணியில் எங்கோ நின்றிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. வண்டிகளை ஊருக்குள் விடவில்லை.

"நடந்தே போறேன்" என்றாள். நடந்தாள். ஆனால் வேங்கிக்காலுக்குக் குறுக்கு வழி ஊர்ப்பக்கம். கூட்டமோ ஊரிலிருந்து எங்கள் பக்கமாக மலையை வலம் வந்துகொண்டிருந்தது. லட்சம் பேர் வலமாக வர, இவள் ஒருத்தி இடமாகப் போனாள். "இன்னாமா, எதிர்ல வர்ற! வலமா போ" என்று ஆளாளுக்குக் கத்தினார்களாம். இவள் என்ன சொல்லியிருப்பாள்? சர்வர், ஃபயர்வால் என்றா? "சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டேங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். அதற்கு வழிவிடாதவர் யாரும் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, "அடுப்புல ஏதாச்சும் வெச்சினு வந்துட்டியா தாயி?" என்று பதறிப்போய்க் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீடு போய்ச் சேர்ந்து சர்வரைத் திறந்துவிட்டவள், அன்று சாயங்காலமே ஒரு விதி போட்டாள்.

விதி இதுதான். வாசல் காவலில் யார் கைவைத்தாலும், மற்றவள் முன்கூட்டியே உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இனி புதிதாக வருகிறவர்களைத்தான் காவல் தடுக்க வேண்டும், அன்று அவளைத் தள்ளியதுபோல ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வெளியே தள்ளக் கூடாது என்றும் எழுதிவைத்தாள். ஆகவே வேலை செய்கிறவள் தப்பாக எழுதிவிட்டு, இணைப்பு அறுந்து வெளியே மாட்டிக்கொண்டாலும், உள்ளே இருக்கிறவள் திறந்துவிடலாம். அதற்கு எங்கள் இருவருக்குமான பெயர் கதவைப் பிடிப்பது. வேலை எப்போதும் காலை பத்து மணிக்கு. ஊரே தூங்கும்போது செய்வதுதான் எங்கள் தொழிலில் வழக்கம், அதை அவள் ஒப்பவே மாட்டாள். "உதவி கேட்டா எழுந்து வர ஆள் முழிச்சினு இருக்கணும்டி. கண்ணைக் கட்டினு கத்தி பிடிக்கக் கூடாது." முதலில் போன் செய்வேன். "பிடிச்சிருக்கியா?" என்பேன். "பிடிச்சினு இருக்கேன், நீ கட்டளையை அடி" என்பாள். முடிந்ததும் "விட்டுடு" என்பேன். "விட்டுட்டேன்" என்பாள். பத்து மணி வேலைக்கு முந்தின நாள் சாயங்காலமே உள்ளே போய்க் குந்திக்கொள்கிறாளே என்று அவளைக் கிண்டல் செய்வேன். பஸ் கிளம்பும் முன்பே டிப்போவுக்குப் போய் இடம் பிடிக்கிற சுபாவம் அவளுக்கு.

கதவைப் பிடிக்கிறவளுக்கு வேறு வேலை கிடையாது. சும்மா இருக்க வேண்டும். அவளுக்குச் சும்மா இருக்க வராது, மல்லாட்டை உரிப்பாள், வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். போனை மேசைமேல் போட்டுவிட்டு உரிக்கிற சத்தம் இங்கே என் அறையில் கேட்கும். படக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி படக். "மண்ணுக்கு அடியில விளையறது எதையும் தொட மாட்டேன்னு உருளைக்கிழங்கைத் தள்ளி வைக்கிறியே, இது மட்டும் மரத்துலயா காய்க்குது?" என்று சீண்டுவேன். "அது கிழங்குடி, இது கொட்டை. நீ ஸ்பெல்லிங்கைப் பாத்து அடி" என்பாள்.

இதைச் சொல்லிவிடுகிறேன். நான் தனியாள். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் குடும்பம் இருக்கிறது, பொங்கலுக்குப் போவேன், மறுநாள் திரும்பிவிடுவேன். நான் இருக்கிற தெருவில் அடுத்தடுத்த அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். அமைதி வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ செலவு செய்துகொண்டு வருகிறார்கள். எனக்கு அது ஓசியில் கிடைத்தது, வேண்டிய மட்டும் ஜாஸ்தியாகவே கிடைத்தது. வாரத்தில் ஓரிரு காலைகள் அந்த ஓடு உடைகிற சத்தம் மட்டும்தான் என் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற சத்தம். சில நாள் வேலை முடிந்த பிறகும் உடனே "விட்டுடு" என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் கல்யாணமாகிப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை உள்ளே விடும் பட்டியலிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றாள் ராஜமதி. கூடத்துக்காரருக்கு மனம் வரவில்லை. "நல்ல பொண்ணுங்க. எடுத்துட்டா நாம சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

"போனவ மேல யாருக்குங்க சந்தேகம்?" என்றாள் ராஜமதி. "ஆள் இல்லாத பேரை உள்ள விட்டு வெச்சா, அந்தப் பேர்ல வேற எவனாச்சும் வருவான். தப்பு பண்ணிட்டுப் போவான். பழி அந்தப் பொண்ணு மேல நிக்கும். அவ பேரைக் காப்பாத்தத்தான் எடுக்கச் சொல்றேன்." அன்றே எடுத்தோம்.

அவள் போன அன்று வேங்கிக்கால் வீட்டுக்கு ஓடினேன். அவளை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். கையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களோட பேசறப்பதான் அக்கா சத்தமா சிரிக்கும்" என்று சொன்னாள். அங்கேதான் எனக்கு உடைந்தது. பிற்பகலில் எடுத்தார்கள். நான் தெருமுனைவரை போய் நின்றேன். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து அறைக்கு வந்தேன். கைகால் கழுவி, சோறு இறங்காமல், லேப்டாப் எதிரே உட்கார்ந்தேன். அவள் பெயரை எடுத்தாக வேண்டும். அன்றைக்கே. அவள் போட்ட விதி.

உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. பரிசோதனைக்கூட சர்வரைத் திருத்த உள்ளே விடும் பட்டியலில் இரண்டே பெயர்கள், அவளுடையதும் என்னுடையதும்; ஊழியர்களின் பட்டியல் வேறு. அழுதழுது எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவள் வரிக்குப் பதிலாக என் வரியை அழித்துவிட்டு, கவனிக்காமல் வெளியே வந்துவிட்டால், மறுபடி உள்ளே போக எங்கள் இருவரில் யாருக்கும் வழி இருக்காது. நாளைக் காலை ஏதாவது கோளாறென்றால், சரிசெய்ய வழியில்லாமல் அத்தனை நோயாளிகளும் முடிவுகளுக்காக நிற்பார்கள். திறந்துவிடக் கதவைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆள் ஏது? இத்தனை வருஷத்தில் நான் வேறு ஒருவரையும் பழக்கவில்லை.

நாளைக்குச் செய்துகொள்ளலாமா என்று நினைத்தேன். யார் கேட்கப் போகிறார்கள்? உடனே அவள் குரல் மண்டைக்குள் கேட்டது, பழி அந்தப் பொண்ணு மேல நிக்கும் என்று. சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவள், எந்த வேலையையும் இருட்டுக்குத் தள்ளாதவள். உள்ளே போனேன். பழக்கதோஷத்தில், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையை அடித்தேன்.

இரண்டு பெயர்கள் வந்தன.

ஒன்று நான். இன்னொன்று ராஜமதி. முந்தின நாள் சாயங்காலம் உள்ளே வந்திருக்கிறாள். பத்து மணி வேலைக்காக எனக்கு முன்பே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் போய்ப் படுத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"அடிப்பாவி" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பயமில்லை. அவள் பிடித்திருக்கிறாள் அல்லவா? காலையில் செய்ய வேண்டிய மாற்றத்தை முதலில் முடித்தேன். பிறகு பட்டியலைத் திறந்து, ராஜமதி என்ற வரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அழித்தேன். புதிதாக ஒரு ஜன்னல் திறந்து, என்னை உள்ளே விடுகிறதா என்று சோதித்தேன். விட்டது. இனி புதிதாக அவள் வர முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவளைக் காவல் தள்ளாது. அவள் பெயர் இன்னமும் அங்கேயே இருந்தது.

அப்படி விடவும் கூடாது. துக்க வீட்டில் திறந்து கிடக்கிற லேப்டாப், ஊர் சனம் வந்துபோகிற இடம், உள்ளே அத்தனை பேரின் நோய் விவரம். நான் இங்கிருந்தே அவள் இணைப்பைத் துண்டிக்கலாம். அந்தக் கட்டளைக்கு வைத்திருக்கிற பெயர் கொல் என்று அர்த்தப்படும் ஆங்கிலச் சொல். தினம் பத்து தடவை அடிக்கிற சொல்தான். அன்று என்னால் முடியவில்லை.

ஜெயபாலைக் கூப்பிட்டேன். அப்போதுதான் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எழுந்து அவள் அறைக்குப் போவது கேட்டது.

"திறந்துதான்மா இருக்கு. பக்கத்துல ஒரு கிண்ணத்துல மல்லாட்டை உரிச்சி வெச்சிருக்கா." கிண்ணத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "பாதிதான் உரிச்சிருக்கா."

"மூடிடுங்கண்ணா."

"மூடினா ஒண்ணும் ஆவாதா? அவ வேலை எதுனா கெட்டுடப் போவுது."

"எல்லாம் முடிஞ்சிடுச்சிங்கண்ணா. நல்லா பிடிச்சினு இருந்தா. விட்டுடச் சொல்லுங்க."

என்ன புரிந்ததோ அவருக்கு. "மூடிட்டேம்மா" என்றார்.

என் திரையில் அவள் பெயர் உடனே போகவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாளா என்று சர்வர் சில தடவை கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால்தான் விடும். நானும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். இருந்தாள், இருந்தாள். பிறகு ஒரு தடவை கேட்டபோது ஒரே பெயர் வந்தது.

அவள் லேப்டாப்பை வைத்துக்கொள்ளச் சொன்னார் ஜெயபால். வேண்டாமென்று, அதிலிருந்ததை முறைப்படி அழித்துக் கொடுத்துவிட்டேன். சர்வருக்குள் போகிற அவளுடைய எந்தச் சாவியும், எந்தப் பாஸ்வேர்டும் என்னிடம் இல்லை. அவளுக்கு அதுதான் பிடிக்கும். பரிசோதனைக்கூடத்துப் பையனிடமும் விடுதிக்காரர் மகளிடமும் கதவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன், பிடிக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். அவர்கள் "ரெடி மேடம்" என்று சொன்ன பிறகும் நான் உடனே அடிப்பதில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு மல்லாட்டை உரிக்கிற நேரம் சும்மா இருக்கிறேன். அப்புறம் அடிக்கிறேன்.